தன்றொழில் தொடங்குவோரும் மலைப்பும்

மலைத்தல் என்னும் சொல்லுக்குப் பொருதல் என்றும், மயங்கி நிற்றல் என்றும் இருவேறு பொருள்கள் தமிழில் உள. சொந்தத் தொழில் தொடங்குவோரை முதலாண்டிலே பெரும்பாலும் பற்றுவது இரண்டாவது மலைப்பேயாகும். அது முதற்பணம் போதாமையால் மட்டும் எழுவதன்று. இரத்தினபுரி, கேகாலை ஆகிய இரு மாவட்டங்களைக் கொண்ட சபரகமுவ மாகாணத்தின் தோட்ட வாழ்வை நோக்குவார்க்கு அம்மலைப்பின் தோற்றமும் தீர்வும் ஒருங்கே விளங்கும்.

தோட்டம் என்பது வேலைப்பகுப்பின்மேல் எழுந்த அமைப்பு. விடியலிற் பிரட்டுக்களத்தில் யார் எந்த மலைக்குச் செல்வதென வகுப்பவர் ஒருவர். கொழுந்தை நிறுப்பவர் ஒருவர். பெயர் பதிபவர் ஒருவர். தொழிற்சாலையில் தேயிலையாக்குபவர் வேறொருவர். விற்பனையோ கொழும்பிலே நிகழும். கொழுந்து பறிப்பவர் இவற்றுள் எதனையும் எண்ணவேண்டுவதில்லை. அவரே சிறு தேயிலைக் காணியொன்றையோ கடையொன்றையோ தமதாகத் தொடங்கும் நாளில், அத்தனை பேரின் கவலையும் ஒரு நெஞ்சிலே வந்திறங்குகின்றது. மலைப்பின் வேர் இதுவே. ஆதலின் அதனைக் கோழைமை என்று இகழ்தல் பொருந்தாது.

தோட்டத்து மக்களுக்கு இச்சுமை இன்னும் பெரிது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் அவர்களுட் பெரும்பாலார் நாடற்றவராயினர். எஞ்சியோரின் சிக்கலைத் தீர்க்க 2003ஆம் ஆண்டிலும் ஒரு சட்டம் வேண்டியதாயிற்று. காணியுறுதி இல்லாதார்க்கு வங்கிக் கடன் எளிதன்று. குடியிருக்கும் லயமோ தோட்டத்துக்குரியது. தொழில் முறிந்தால் ஒதுங்க இடமில்லை என்னும் அவர்தம் அச்சம் வெறுங்கற்பனையன்று.

இனித் தீர்வினை நோக்குவோம். அதற்குரிய வழிகள் அவர்கள் அறிந்த வாழ்விலேயே உள்ளன.

முதலாவது, வேலையைக் காலத்தாற் பகுத்தல். ஒரு மலையிற் கொழுந்தெடுத்து முடித்தபின் ஏறத்தாழ ஏழு நாளில் மீண்டும் அம்மலைக்கு வருதல் தோட்ட வழக்கம். எல்லா மலையையும் ஒரே நாளிற் கொய்ய எவரும் முனைவதில்லை. வலியறிதல், காலமறிதல், இடனறிதல், தெரிந்து வினையாடல் எனத் திருவள்ளுவரும் தனித்தனி அதிகாரம் வகுத்தமை ஈண்டு நினைக்கத்தக்கது. சரக்கெடுத்தல், கடன் தண்டல், கணக்கெழுதல் என்பவற்றுக்குத் தனித்தனி நாளும் வேளையும் குறித்துவிட்டால், ஒருங்கே நின்று மருட்டியவை ஒவ்வொன்றாய் அடங்கும்.

இரண்டாவது, காத்திருக்குங் காலத்துக்கு உணவு தேடிவைத்தல். இறப்பர்க் கன்று பாலுக்கு வர ஏறத்தாழ ஆறாண்டு செல்லும். அதனை அறிந்தோர் இளமரங்களின் நிரைகளுக்கிடையே வாழையும் அன்னாசியும் நடுவர். இறப்பர் பயன் தரும்வரை வாழை சோறிடும். புதுத்தொழிலுக்கும் இத்தகைய ஊடுபயிர் வேண்டும். தொழில் வேரூன்றும்வரை வீட்டில் ஒருவரேனும் நிலையான சம்பளத்தைக் கைவிடாதிருத்தல் அத்தகையது.

மூன்றாவது, இழப்பைப் பங்கிடுதல். இரத்தினபுரியின் மாணிக்கக் குழியிலே கல் கிடைக்குமா என்பதை எவரும் முன்னறியார். ஆயினும் அங்கே ஒருவர் தலையிலேயே முழுச்சுமையும் விழுவதில்லை. நிலத்துக்குரியவர், அனுமதிப்பத்திரம் பெற்றவர், நீரிறைக்கும் இயந்திரம் தந்தவர், செலவு செய்பவர், குழியில் இறங்கி உழைப்பவர் என்போர் முன்னரே பேசிய பங்கின்படி பயனைப் பகுத்துக்கொள்வர். முன்னரே பேசிவைத்தல் என்பதே இங்கு உயிர்நிலை. உறவினரைக் கூட்டாளியாக்குவோர் பங்கினை வாய்விட்டுப் பேசக் கூசுவதாலேயே பின்னர்த் தொழிலையும் உறவையும் ஒருங்கே இழக்கின்றனர்.

நான்காவது, கணக்கைத் தம் கையால் எழுதுதல். முற்காலத்திலே தொழிலாளரின் கடன் ‘துண்டு’ எனப்பட்ட சீட்டிலே பிறரால் எழுதப்பட்டு, அவர் தோட்டம் மாறும்போதும் அவரைத் தொடர்ந்தது. அம்முறை 1921இல் ஒழிக்கப்பட்டது. எனினும், வாரந்தோறும் தவணை தண்டும் கடன்களைத் தொகை அறியாது ஒன்றன்மேல் ஒன்றாய்ப் பெறுவோர் தாமே தமக்குத் துண்டு எழுதிக்கொள்கின்றனர். வீட்டுப் பணத்தையும் தொழிற் பணத்தையும் வெவ்வேறாக வைத்து, இரவுதோறும் வரவு, செலவு, கடன் மூன்றையும் எழுதுதல் வேண்டும். அளவறியாத கடனே உறக்கத்தைக் கெடுக்கும். எழுதிக் கூட்டிய கடன் எத்துணைப் பெரிதாயினும் ஒரு தொகையாய் நிற்கும்.

இவையெல்லாம் செய்தும் தம் கைக்கு அடங்காதன சில உண்டு. 2021இல் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது, எத்துணைக் கருத்தாகப் பயிர் செய்த சிறுதோட்டக்காரரும் இடர்ப்பட்டனர். அத்தகைய இழப்பைத் தம் குற்றமெனக் கொண்டு வருந்துதல் வீண். தம்மால் ஆவதனையும் ஆகாததனையும் பிரித்தறிந்து, ஆவதனை வகுத்துச் செய்வார்க்கு மயங்கி நிற்றலாகிய மலைப்பு நீங்கும். பொருதலாகிய மலைப்பே எஞ்சும்.