கம்பரும் நாஞ்சில் நாட்டு வாசகர் இருவரும்

முன்னுரை

ஒருவர் விரும்பிப் போற்றும் செவ்வியல் புலவரைக் கொண்டு அவரது ஆளுமையை உய்த்துணரலாம் என்பது பொதுக்கருத்து. கம்பரைப் போற்றுபவர் இராமபக்தராகவே இருப்பார் என்னும் எதிர்பார்ப்பு இதன் விளைவு. நாஞ்சில் நாட்டு வாசகர் இருவரின் கம்ப ஈடுபாடு இக்கருத்தை மறுஆய்வுக்கு உட்படுத்துகிறது.

ஜீவாவின் கம்பர்

பூதப்பாண்டியில் பிறந்த ப. ஜீவானந்தம் (1907–1963) சுயமரியாதை இயக்கத்தில் பங்குகொண்டு, பின்னர்ப் பொதுவுடைமை இயக்கத் தலைவரானவர். சி. என். அண்ணாதுரை ‘கம்பரசம்’ எழுதிக் கம்பரைக் கண்டித்தார். ஜீவாவோ மேடைகளில் கம்பரைப் போற்றினார். இல்லார், உடையார் என்னும் வேறுபாடற்ற நகராக நகரப்படலம் காட்டும் அயோத்தியை அவர் எடுத்துக்காட்டினார். அவதாரக் கதையில் அவர் கண்டது சமத்துவக் கனவு.

நாஞ்சில் நாடனின் கம்பர்

வீரநாராயணமங்கலத்தில் 1947இல் பிறந்த நாஞ்சில் நாடன், கம்பரின் சொல்வளத்தில் தோய்ந்து ‘கம்பனின் அம்பறாத் தூணி’ என்னும் நூலை எழுதினார். வேளாண் வாழ்வின் வட்டாரச் சொற்களைப் புனைகதைகளில் பதிவுசெய்த படைப்பாளிக்குக் காப்பியம் சொற்களஞ்சியமாகவும் விளங்குவது இயல்பே.

முடிவுரை

பகுத்தறிவு மரபில் வந்த அண்ணாவும் ஜீவாவும் ஒரே நூலைக் கற்று எதிரெதிர் முடிவுகளை எய்தினர். ஒரே மண்ணைச் சார்ந்த ஜீவாவும் நாஞ்சில் நாடனும் ஒரே புலவரை விரும்பியும் வெவ்வேறு கூறுகளைத் தேர்ந்தனர். ஆகவே, வாசகரின் ஆளுமைக்குச் சான்றாவது புலவரின் பெயரன்று. அவரிடமிருந்து வாசகர் தேர்ந்துகொள்ளும் பகுதியே. வாசிப்பு குறித்த ஆய்வுகள், ‘விரும்பும் புலவர் யார்’ என்பதோடு நில்லாது, ‘விரும்பும் பகுதி எது, ஏன்’ என்றும் வினவுதல் வேண்டும்.