கடற்காற்றும் படகோட்டிகளின் பாதுகாப்பும்

இந்தியாவின் முதன்மை நிலப்பரப்பையொட்டிய கடலோரத்தில், 2010ஆம் ஆண்டின் கடல் மீன்வளக் கணக்கெடுப்பின்படி, 3,288 மீனவ கிராமங்கள் உள்ளன. இக்கிராமங்களின் வருவாய், காற்றையும் அலையையும் பொறுத்தே அமைகின்றது. உழவனுக்கு மழை எத்தகையதோ, மீனவனுக்குக் காற்று அத்தகையது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. மழை பொய்த்தால் உழவன் விளைச்சலை இழக்கிறான். காற்று மாறினால் மீனவன் உயிரையே இழக்க நேரிடும்.

அன்றாடக் காற்றும் பருவக்காற்றும்

பகலில் நிலம் கடலைவிட விரைவில் சூடேறுகிறது. நிலத்தின் மேலுள்ள வெப்பக்காற்று மேலெழ, அவ்விடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று வீசுகிறது. இதுவே கடற்காற்று. இரவில் நிலம் விரைந்து குளிர்வதால் காற்றின் திசை மாறி, நிலக்காற்று வீசுகிறது. பாய்மரக் காலத்தில் விடியுமுன் நிலக்காற்றில் புறப்பட்டு, பிற்பகல் கடற்காற்றில் கரை திரும்புவது வழக்கமாயிருந்தது. இன்று விசைப்படகுகள் காற்றை நம்பிச் செல்வதில்லை. ஆயினும் காற்றினால் எழும் அலையிலிருந்து அவற்றுக்கு விடுதலை இல்லை.

இவ்வன்றாடக் காற்றுகளுக்கு மேலாகப் பருவக்காற்றுகள் ஆட்சி செய்கின்றன. ஜூன் முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலைக் கொந்தளிக்கச் செய்கிறது. புயல்கள் பெரும்பாலும் இப்பருவத்திற்கு முன்னும் பின்னும், அதாவது ஏப்ரல் முதல் ஜூன் வரையிலும், அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலும் தோன்றுகின்றன. அரபிக்கடலைவிட வங்காள விரிகுடாவிலேயே இவை மிகுதி.

அலை எழும் விதம்

அலையின் உயரத்தை மூன்று காரணங்கள் முடிவு செய்கின்றன: காற்றின் வேகம், அது வீசும் நேரம், தடையின்றி வீசும் கடற்பரப்பின் நீளம். காற்றின் வேகம் இரு மடங்கானால், அது படகின் மீது செலுத்தும் விசை நான்கு மடங்காகிறது என்பதை மறக்கலாகாது. வானிலை அறிக்கைகளில் கூறப்படும் அலை உயரம், அலைகளில் மிக உயர்ந்த மூன்றிலொரு பங்கின் சராசரியேயாகும். எனவே அறிக்கை இரண்டு மீட்டர் என்றால், இடையிடையே ஏறக்குறைய நான்கு மீட்டர் அலையும் எழக்கூடும்.

உள்ளூரில் காற்றே இல்லாத நாளிலும் ஆபத்து வரலாம். தெற்கே பல ஆயிரம் கிலோமீட்டர் தொலைவில் எழும் கடற்புயல்களின் பேரலைகள் சில நாட்களில் நமது கரையை அடைகின்றன. கேரள மீனவர் இதனைக் 'கள்ளக்கடல்' என்பர். முன்னறிவிப்பின்றித் திருடனைப் போல் வருவதால் இப்பெயர். ஆற்று முகத்துவாரங்களில் வெளியேறும் நீரோட்டத்தை எதிர்த்துக் காற்று வீசும்போது அலைகள் குறுகிச் செங்குத்தாகின்றன. சிறு படகுகள் கவிழ இது போதும்.

எச்சரிக்கை முறை

1864ஆம் ஆண்டில் கல்கத்தாவைத் தாக்கிய பெரும்புயலுக்குப் பின், 1865இல் அத்துறைமுகத்திற்குப் புயல் எச்சரிக்கை முறை ஏற்பட்டது. இந்திய வானிலை ஆய்வுத் துறை 1875இல் நிறுவப்பட்டது. துறைமுகங்களில் ஏற்றப்படும் எச்சரிக்கைக் கூண்டுகள் 11 வகைப்படும். முதலிரண்டும் தொலைக்கடலில் உருவான நிலையைக் குறிப்பன. 3, 4 ஆகியவை துறைமுகத்திற்கே உரிய எச்சரிக்கைகள். 5 முதல் 7 வரை அபாயத்தையும், 8 முதல் 10 வரை பேரபாயத்தையும் அறிவிக்கின்றன. எச்சரிக்கை நிலையத்துடன் தொடர்பு அற்றுப்போனதைப் 11ஆம் எண் காட்டுகிறது.

காற்று மணிக்கு 17 கடல் மைல் வேகத்தை எட்டினால் தாழ்வு மண்டலம். 28 ஆனால் ஆழ்ந்த தாழ்வு மண்டலம். 34 ஆனால் புயல். 48 ஆனால் கடும்புயல். ஒரு கடல் மைல் என்பது 1.852 கிலோமீட்டர். புயல் என்ற பெயர் பெறும்வரை காத்திருப்பது சிறு படகுக்குத் தகாது. தாழ்வு மண்டல நிலையிலேயே கடல் அதற்கு ஏற்றதன்று.

ஒக்கி கற்பித்த பாடம்

2017 நவம்பர் 29ஆம் நாள் தென்மேற்கு வங்காள விரிகுடாவில் இலங்கை அருகே தோன்றிய தாழ்வு மண்டலம், மறுநாள் காலையிலேயே 'ஒக்கி' புயலாக வலுப்பெற்றது. தமிழ்நாட்டையும் கேரளத்தையும் சேர்ந்த ஏராளமான மீனவர்கள் உயிரிழந்தனர், பலர் திரும்பவேயில்லை. ஆழ்கடல் படகுகள் பல, தாழ்வு மண்டலம் தோன்றுவதற்குப் பல நாட்களுக்கு முன்பே புறப்பட்டுச் சென்றிருந்தன. கரையில் வெளியிடப்பட்ட எச்சரிக்கை, கைப்பேசி எட்டாத தொலைவிலிருந்த அவர்களைச் சென்றடைய வழியில்லை. எச்சரிக்கை உருவாவது ஒன்று. உரியவரை அடைவது மற்றொன்று என்பதை நாடு பெருவிலை கொடுத்து உணர்ந்தது.

இக்குறையைப் போக்க, செயற்கைக்கோள் வழியே ஆழ்கடலிலும் செய்தி பெறும் 'ஜெமினி' கருவி 2019 அக்டோபரில் அறிமுகமாயிற்று. ஐதராபாத்திலுள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையத்தின் முன்னறிவிப்புகள் இதன்வழி அனுப்பப்பட்டன. எனினும் இது செய்தியைப் பெற மட்டுமே உதவும். படகிலிருந்து பதில் அனுப்ப இயலாது. எனவே இருவழித் தொடர்புக் கருவிகளை ஒரு லட்சம் படகுகளில் பொருத்தும் திட்டம் 2024இல் தொடங்கப்பட்டது.

எச்சரிக்கையின் பொருளாதாரம்

கருவிகள் மட்டும் போதா. ஒவ்வோர் எச்சரிக்கையும் மீனவனுக்கு ஒரு நாள் கூலியிழப்பாகும். டீசலுக்கும் பனிக்கட்டிக்கும் வியாபாரியிடம் முன்பணம் பெற்றவன், ஐயத்திற்குரிய எச்சரிக்கையைப் புறக்கணிக்கவே தூண்டப்படுகிறான். மீன்பிடித் தடைக்காலத்திற்கு நிவாரணம் உண்டு; எச்சரிக்கை நாட்களின் இழப்போ பெரும்பாலும் மீனவனையே சாருகிறது. தேவைக்கு மேல் பரந்த பகுதிக்கு எச்சரிக்கை விடுத்தால் அதன் நம்பகத்தன்மை குறையும். குறுக்கினால் உயிர்கள் பலியாகும். ஆகவே எந்தக் கடற்பகுதி, எந்த நேரம், எவ்வளவு காற்று என்பதைத் திட்டவட்டமாக, மீனவர் பேசும் மொழியில் கூறுதல் இன்றியமையாதது.

மாவட்ட நிர்வாகமும், மீன்வளத் துறையும், மீனவர் கூட்டுறவுச் சங்கங்களும் இதில் இணைந்து செயற்படல் வேண்டும். புறப்படும் படகுகளின் பதிவேடு ஒழுங்காக இருப்பின், யார் கடலில் உள்ளனர் என்பது புயலன்று உடனே தெரியும். எச்சரிக்கை நாட்களின் இழப்பை ஈடுசெய்ய வழி காணப்படின், அதற்குக் கீழ்ப்படிவது மீனவனுக்கு எளிதாகும். அறிவியல் தரும் முன்னறிவிப்பு, கடைசிப் படகையும் சென்றடைந்து, அதனைக் கரைக்குத் திருப்பும்போதுதான் முழுப்பயன் அளிக்கும்.