உஷார்! விடிந்ததும் வந்து விழும் ‘வரலாற்றில் இன்று’

வாழப்பாடி, பேளூர், ஏத்தாப்பூர், அயோத்தியாப்பட்டணம் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் இருக்கிறவர்கள் எல்லோரும் இதைக் கொஞ்சம் நின்று படியுங்கள். பால் ஊற்றும் நேரத்துக்கே வந்து விழுகிறதே ‘வரலாற்றில் இன்று’ என்ற படம், அதைப் பற்றித்தான் சொல்கிறேன். மேலே தேதி. கீழே நாலு பிறந்தநாள், ரெண்டு நினைவுநாள், ஒரு சினிமாச் செய்தி, ஒரு விண்வெளிச் செய்தி. யார் எழுதியது, எந்தப் புத்தகத்தில் பார்த்தது என்று ஒரு வரியும் இருக்காது. அதுவே ஒன்பது மணிக்குப் பள்ளிக்கூடத்தின் காலை வணக்கக் கூட்டத்தில் ஒரு பிள்ளையின் வாயால் வாசிக்கப்படுகிறது. சாயங்காலம் டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிறவரின் நோட்டில் ஏறிவிடுகிறது. குரூப் 4 தேர்வில் ஒரே ஒரு கேள்வி பல ஆயிரம் பேரை முன்னே பின்னே தள்ளிவிடும் என்பது எழுதியவர்களுக்குத் தெரியும். பொது அறிவுதானே என்று விட்டுவிடக்கூடிய விஷயம் இல்லை இது.

நம் மாவட்டத்துச் செய்தியிலிருந்தே தொடங்குகிறேன். தீரன் சின்னமலையைச் சங்ககிரிக் கோட்டையில் தூக்கிலிட்ட நாள் எது? ஒரு குழுவில் ஜூலை 31 என்று வரும். இன்னொன்றில் ஆகஸ்ட் 2 என்றோ 3 என்றோ வரும். உடனே ஆளுக்கு ஆள் சண்டை. பிள்ளைகள் இரண்டில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றது பொய் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். உண்மையில் ஊர் நினைவில் நிற்கும் நாள் ஆடி 18. அந்த ஆடிப்பெருக்கு நாளில்தான் ஆண்டுதோறும் சங்ககிரியில் மரியாதை செலுத்துகிறார்கள். 1805ஆம் ஆண்டுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் ஆங்கிலத் தேதி ஜூலை 31. இப்போதோ ஆடி 18 என்பது ஆகஸ்ட் 2 அல்லது 3இல் வருகிறது. இரண்டும் ஒரே நாள்தான், நடுவில் நாள்காட்டிதான் நகர்ந்திருக்கிறது.

எப்படி நகர்ந்தது? நம் பஞ்சாங்க ஆண்டு, சூரியன் மறுபடி அதே நட்சத்திர இடத்துக்கு வந்து சேரும் கணக்கு. ஆங்கில ஆண்டு பருவங்களை ஒட்டிய கணக்கு. நம்முடையது வருஷத்துக்கு இருபது நிமிஷத்துக்கு மேல் நீளம். அது சேர்ந்து சேர்ந்து அறுபது எழுபது வருஷத்தில் ஒரு நாளாகிவிடும். 1805க்கும் இன்றைக்கும் இடையே இருநூறு வருஷம் தாண்டிவிட்டதால் மூன்று நாள் வித்தியாசம் வருகிறது. சந்தேகம் இருந்தால் விவேகானந்தரைப் பாருங்கள். அவர் 1863இல் மகர சங்கராந்தி அன்று பிறந்தார். அன்றைய ஆங்கிலத் தேதி ஜனவரி 12. இன்றைக்குச் சங்கராந்தி, அதாவது நம் பொங்கல், ஜனவரி 14இலோ 15இலோ வருகிறது. இதை ஒரு முறை பிள்ளைக்கு விளக்கிச் சொன்னால் கணக்கு, வானியல், வரலாறு மூன்றும் ஒன்றாக மனதில் உட்காரும். அனுப்பப்பட்ட படம் இதையெல்லாம் சொல்லாது. ஒரு எண்ணைப் போட்டுவிட்டு அடுத்த நடிகரின் பிறந்தநாளுக்குப் போய்விடும்.

பாரதியாரிடமும் இந்தக் குழப்பம் உண்டு. அவர் உயிர் பிரிந்தது 1921 செப்டம்பர் 11ஆம் தேதி இரவு, நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணி வாக்கில். கடிகாரப்படி அது 12ஆம் தேதி. ஊர்வழக்கில் விடிகிற வரை 11ஆம் தேதி இரவுதான். அரசு 2021இல் செப்டம்பர் 11ஐ மகாகவி நாள் என்று அறிவித்தது. தேர்வுக்குப் படிப்பவர்கள் இரண்டையும் காரணத்தோடு தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் ‘யானை மிதித்து பாரதி இறந்த நாள்’ என்று வருகிறதே, அது அப்பட்டமான தவறு. திருவல்லிக்கேணிக் கோயில் யானை அவரைத் தள்ளியது உண்மை. நண்பர் குவளைக் கண்ணன் பாய்ந்து காப்பாற்றியதும் உண்மை. அந்தக் காயத்திலிருந்து எழுந்து, வேலைக்குப் போய், நம் பக்கத்து ஈரோடு கருங்கல்பாளையம் வரை வந்து மேடையில் பேசினார் பாரதி. அவரைக் கொண்டுபோனது வயிற்று நோய். பக்கத்தில் பேசிய கவியை, வராத சாவால் கொன்றுவிட்டுப் பூங்கொத்துப் படம் போடுகிறோம். எனக்கு இது பொறுக்கவில்லை.

சினிமாத் தகவல்களில் ‘முதல்’ என்ற சொல்லைக் கண்டாலே கையை நிறுத்துங்கள். தமிழின் முதல் பேசும் படமான ‘காளிதாஸ்’ 1931 அக்டோபர் 31இல் வெளியானது. அதில் தமிழோடு தெலுங்கும் பேசப்பட்டது. தெலுங்கின் முதல் படமான ‘பக்த பிரகலாதா’ 1931 செப்டம்பர் 15இல் வந்தது என்று ஆந்திரத்தில் பல பத்தாண்டுகள் விழாவே எடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்தத் தேதி சரியென்றால் ‘காளிதாஸ்’ படத்துக்கே மூத்த படம் அது. பிறகு ஓர் ஆய்வாளர் தணிக்கைப் பதிவையும் பழைய பத்திரிகைகளையும் புரட்டிப் பார்த்து, படம் வெளியானது 1932 பிப்ரவரி 6 என்று காட்டினார். ஒரு தேதி தவறினால் இரண்டு மொழிகளின் சினிமா வரிசையே தலைகீழாகிவிடுகிறது.

நம் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸைப் பற்றி வருவதிலும் பாதி சரி, பாதி கலப்படம். அதன் அதிபர் டி. ஆர். சுந்தரம் தயாரித்த ‘பாலன்’ 1938இல் வெளிவந்த முதல் மலையாளப் பேசும் படம், இது சரி. 1956இல் வந்த ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம், இதுவும் சரி. ஆனால் ‘முழுநீள’ என்ற சொல்லை விழுங்கிவிட்டு ‘தமிழில் முதன்முதலாக வண்ணம்’ என்று அனுப்புகிறார்கள். சில காட்சிகள் மட்டும் வண்ணத்தில் இருந்த தமிழ்ப் படங்கள் அதற்கு முன்பே வந்திருக்கின்றன. ஏற்காடு சாலையில் அந்த ஸ்டூடியோவின் வளைவைப் பார்த்தபடி போகிற நமக்கு இந்தப் பெருமை உண்மையாகவே இருக்கிறது. அதற்குப் பொய்ச் சாயம் எதற்கு?

தமிழ்நாடு நாள் ஜூலை 18ஆ, நவம்பர் 1ஆ என்பதும் இதே மாதிரிதான். 1956 நவம்பர் 1இல் மொழிவழியாக மாநிலம் அமைந்தது. 1967 ஜூலை 18இல் அண்ணா முதல்வராக இருந்தபோது ‘தமிழ்நாடு’ பெயர்மாற்றத் தீர்மானம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. அந்தப் பெயர் நடைமுறைக்கு வந்தது 1969 ஜனவரி 14. 2019இல் நவம்பர் 1ஐத் தமிழ்நாடு நாள் என்றார்கள். 2021இல் அதை ஜூலை 18க்கு மாற்றினார்கள். பழைய படங்கள் இன்னும் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. எந்த ஆண்டில் செய்த படம் என்று பார்க்காமல் அனுப்பாதீர்கள்.

தவறு வருவதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. அது, வராமலே போவது. பிப்ரவரி 11 என்றால் எடிசன் பிறந்தநாள், நெல்சன் மண்டேலா விடுதலையான நாள் என்று வரும். இரண்டும் சரியான தகவல்கள். ஆனால் 1950இல் அதே பிப்ரவரி 11இல் சேலம் மத்தியச் சிறைக்குள் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 22 கம்யூனிஸ்ட் கைதிகள் செத்து விழுந்தார்கள். வாழப்பாடியிலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடுகிற தூரம். நம் பள்ளிகளில் எத்தனை பிள்ளைகளுக்கு இது தெரியும்? நாட்டிலேயே முன்னோடியாக மதுவிலக்கு சேலம் மாவட்டத்தில் 1937 அக்டோபர் 1இல் நடைமுறைக்கு வந்தது. மேட்டூர் அணை 1934 ஆகஸ்ட் 21இல் திறக்கப்பட்டது. நீதிக்கட்சி, திராவிடர் கழகம் என்று பெயர் மாறியது 1944 ஆகஸ்ட் 27இல் சேலத்தில் நடந்த மாநாட்டில். இந்தப் படங்களைச் செய்கிறவர்கள் பெரும்பாலும் எங்கிருந்தோ ஓர் ஆங்கிலப் பட்டியலை எடுத்துத் தமிழில் போடுகிறார்கள். அதில் சேலம் இருக்காது, ஆத்தூர் இருக்காது. தினமும் அதையே பார்க்கிற பிள்ளைக்கு, வரலாறு என்பது வேறெங்கோ நடப்பது என்று பட்டுவிடும். நம் ஊர்த் தேதிகளை நாமே எழுதி வைக்காவிட்டால் இன்னும் ஒரு தலைமுறையில் கேட்க ஆள் இருக்காது.

இனி, உடனே கவனிக்க வேண்டியது. இதே பாணியில் இன்னொரு செய்தி வருகிறது: ‘நீங்கள் பிறந்த நாளில் என்ன நடந்தது? எந்த நடிகரும் நீங்களும் ஒரே நாளில் பிறந்தவர்கள்? பெயரும் பிறந்த தேதியும் போடுங்கள்!’ ஆசையாகத்தான் இருக்கும். போடாதீர்கள். உங்கள் பிறந்த தேதி வெறும் தேதி இல்லை, அது ஒரு சாவி. இணையத்தில் இறக்குகிற மின் ஆதார் ஃபைலின் கடவுச்சொல், பெயரின் முதல் நாலு ஆங்கில எழுத்தும் பிறந்த ஆண்டும்தான். மின் பான் அட்டை பிறந்த தேதியைப் போட்டாலே திறந்துவிடும். மின்னஞ்சலில் வருகிற பல வங்கிக் கணக்கு அறிக்கைகளும் இப்படித்தான். பெயரும் பிறந்த தேதியும் போன் நம்பரும் சேர்ந்து ஒரு திருடன் கைக்குப் போனால், அவன் வங்கியிலிருந்து பேசுகிற மாதிரியே பேசுவான். உங்கள் தேதியை அவனே சொல்லும்போது நம்பாமல் இருப்பது கஷ்டம்.

தலைவர் பிறந்தநாளை முன்னிட்டு மூன்று மாதம் இலவச ரீசார்ஜ், சுதந்திர தின வினாடி வினாவில் ஐந்து கேள்விக்குப் பதில் சொன்னால் பரிசு என்று வருவதும் அதே வலைதான். கேள்விகள் வேண்டுமென்றே லேசாக இருக்கும். ஐந்தும் சரி என்று பாராட்டு வரும். பிறகு பத்துப் பேருக்கு அனுப்பு, இந்த லிங்கைத் தொடு, இந்த ஆப்பை இறக்கு என்று போகும். ‘ஏபிகே’ என்று முடிகிற ஃபைல் எது வந்தாலும், அனுப்பியது சொந்தச் சித்தப்பாவாகவே இருந்தாலும், தொடாதீர்கள். அவர் போனையே எவனாவது பிடித்துவைத்திருக்கலாம். சொசைட்டிப் பணமும், மரவள்ளிக் கிழங்கு போட்ட காசும், நூறு நாள் வேலைச் சம்பளமும் இப்போது போனுக்குள்தான் இருக்கிறது.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். காலைக் கூட்டத்தில் வாசிக்கும் தகவலுக்குப் பக்கத்தில், அது எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று பிள்ளையையே ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். பாடநூல் போதும், கிளை நூலகத்துக் கலைக்களஞ்சியம் போதும். சேலத்தைப் பற்றி என்றால் 1883இல் லெஃபானு எழுதிய மாவட்டக் கையேடும், 1918இல் ரிச்சர்ட்ஸ் தொகுத்த கெசட்டியரும் இருக்கின்றன. பழைய தமிழ்ப் புத்தகங்களையும் இதழ்களையும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் காசில்லாமல் படிக்கலாம். எழுத முடியவில்லையா, அன்றைக்கு அந்தத் தகவலை வாசிக்க வேண்டாம். ‘இன்று காலமானார்’ என்று உயிரோடு இருக்கும் ஒரு கலைஞரின் படம் வந்தால், செய்தித்தாளோ தொலைக்காட்சியோ உறுதி செய்கிற வரை ஒருவருக்கும் அனுப்பாதீர்கள். அதைப் பார்க்கிறவர்களில் அவருடைய குடும்பமும் இருக்கும்.

ஏற்கெனவே தேதியைக் கொடுத்துவிட்டவர்கள் பயந்து உட்கார வேண்டாம். ஓடிபி கேட்டு எந்த அழைப்பு வந்தாலும் துண்டித்துவிட்டு, பாஸ்புத்தகத்தில் இருக்கும் கிளையின் எண்ணுக்கு நீங்களே கூப்பிட்டுக் கேளுங்கள். பணம் போய்விட்டது என்று தெரிந்தால் அந்த நிமிஷமே சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை வழியிலேயே நிறுத்திவைக்க வாய்ப்பு அதிகம். பஸ் நிலையத்துப் பக்கம் ஜெராக்ஸ் கடையிலோ பிரவுசிங் சென்டரிலோ ஆதார் இறக்கிப் பிரிண்ட் எடுத்திருந்தால், அடுத்த முறை போகும்போது, கடைக்காரரிடம் சொல்லி, அந்தக் கம்ப்யூட்டரின் டவுன்லோட் ஃபோல்டரிலும் ரீசைக்கிள் பின்னிலும் உங்கள் ஃபைலை உங்கள் கண் முன்னாலேயே அழிக்கச் சொல்லுங்கள்.