தூள்களின் ஓட்டமும் அதனை அளக்கும் முறைகளும்

பொருள்கள் திண்மம், திரவம், வாயு என மூவகைப்படும் என்பது கீழ்வகுப்பு மாணவரும் அறிந்ததொன்று. ஆயின் மா, சீமெந்து, உப்பு, மருந்துத்தூள் முதலியவற்றை இம்மூன்றில் எதனுள் அடக்குவது? ஒவ்வொரு துகளும் திண்மமே. எனினும் அத்துகள்கள் கோடிக்கணக்கிற் கூடியவிடத்துச் சிலவேளை நீர்போல் ஓடுகின்றன. சிலவேளை கல்போல் நின்றுவிடுகின்றன. காற்றுக் கலந்தவழிப் புகைபோற் பறப்பதும் உண்டு. இவ்வியல்பை முன்னரே அளந்தறியாது கட்டப்பட்ட தொழிற்சாலை பின்னர்ப் படும் தொல்லை சிறிதன்று.

தூள் திரவமன்று என்பதற்கு மணற்கடிகாரமே போதிய சான்றாகும். தொட்டியிலுள்ள நீர் மட்டந் தாழத் தாழ மெல்லவே வெளியேறும். மணலோ மேற்குமிழில் நிறைய இருப்பினும் சிறிதே இருப்பினும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் விழுகின்றது. அதனாலன்றோ அது காலத்தை அளக்க உதவுவதாயிற்று. மற்றொரு வேறுபாடும் உண்டு. நீரின் அமுக்கம் ஆழத்தோடு கூடிக்கொண்டே செல்லும். உயர்ந்த களஞ்சியத்திலுள்ள தானியத்தின் பாரத்திற் பெரும்பகுதியையோ சுவர்கள் உராய்வினால் தாங்கிக்கொள்கின்றன. ஆதலின் ஓர் எல்லைக்குமேல் அடித்தளத்து அமுக்கம் கூடுவதில்லை. ஜேர்மனியப் பொறியியலாளர் யான்சென் 1895ஆம் ஆண்டில் இதனைக் கணித முறையால் விளக்கினார்.

களஞ்சியத்தின் அடிப்பாகம் புனல்போற் குறுகி ஒரு வாயிலில் முடியும். தொல்லை பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகின்றது. ஒட்டுமியல்புள்ள தூள் வாயிலுக்கு மேலே வளைவுபோற் பாலங்கட்டி நின்றுவிடும். அல்லது வாயிலுக்கு நேர்மேலுள்ள தூள் மாத்திரம் வடிந்து கிணறுபோன்ற குழி தோன்ற, சுற்றிலுமுள்ளது நெடுங்காலம் அசையாது கிடந்து கெடும். தொழிலாளர் சுவரைச் சம்மட்டியால் அடிப்பர்; அடிபட்ட தகடு உட்குழிந்து ஓட்டத்தை மேலுந் தடுக்கும். இதனினுங் கொடியது, பாலத்தை உடைக்க ஒருவர் உள்ளே இறங்குதல். காலடியிலுள்ள தூள் திடீரெனச் சரியுமாயின் சில விநாடிகளிற் புதைந்துவிடுவார். மார்பளவு புதைந்தவரைக் கையாற் பற்றி இழுத்தெடுத்தல் இயலாது. இவ்வாறு உயிர் துறந்தோர் பலர்.

மருந்துத் தொழிலில் ஆபத்து வேறு வகையினது. குவியும்போது பருந்துகள்கள் விளிம்புக்கு உருள, நுண்துகள்கள் நடுவே தங்குகின்றன. நன்கு கலந்த கலவையும் இவ்வாறு பிரியுமாயின், ஒரு மாத்திரையில் மருந்து மிகுந்தும் மற்றொன்றிற் குறைந்தும் அமையும். நோயாளி இதனை அறியார்.

இனி அளத்தல் முறைகளை நோக்குவோம். தூளைக் குவியலாகக் கொட்டி அதன் சாய்வுக் கோணத்தை அளப்பது மிகப் பழைய முறை. எளிதெனினும், கொட்டும் விதத்தால் விடை மாறும். அதனை மட்டும் நம்பிக் களஞ்சியம் கட்டுதல் தகாது. மற்றொரு முறை, அளவுசாடியில் தூளைத் தளர்வாக இட்டுக் கன அளவைக் குறித்து, பின் பலமுறை தட்டி மீண்டும் குறிப்பது. முதலில் 200 மில்லிலீற்றராக இருந்தது 140 ஆகக் குறையின் விகிதம் ஏறக்குறைய 1.43 ஆகும். இவ்விகிதம் 1.11ஐ மேற்படாத தூள் மிக எளிதில் ஓடும், 1.35ஐத் தாண்டியது ஓடத் தயங்கும்.

களஞ்சியத்தை வகுப்பதற்கு வேண்டிய முறையைத் தந்தவர் போலந்திற் பிறந்து அமெரிக்காவின் யூற்றாப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்த அன்ட்ரூ ஜெனிக்கே ஆவார். 1964இல் வெளிவந்த அவரது ஆய்வுநூல் இன்றும் இத்துறைக்கு அடிப்படையாகவுள்ளது. ஒன்றன்மேலொன்றாக வைத்த இரு வளையங்களுள் தூளை இட்டு, மேலே பாரமேற்றி, மேல்வளையத்தைப் பக்கமாகத் தள்ளித் தூட்படை வழுக்கத் தொடங்கும் விசையை அவர் அளந்தார். தூளை இறுக்கிய தகைப்பை, அவ்வாறு இறுகிய தூள் பக்கத்தாங்கலின்றி நின்று உடையும் தகைப்பால் வகுத்தால் வரும் எண்ணே ஓட்டத்தின் அளவு. ஈரமணலிற் கோபுரம் செய்து விளையாடிய சிறுவன் இவ்விரண்டாவது தகைப்பைக் கையால் உணர்ந்தவனே. அவ்வெண் 10ஐ மிஞ்சின் தூள் தடையின்றி ஓடும். 4 முதல் 10 வரை எளிதில் ஓடும். 2 முதல் 4 வரை ஒட்டுமியல்புடையது. 2க்குக் கீழ் மிக ஒட்டுவது. 1க்குக் கீழ் ஓடாது. இவ்வளவைகளிலிருந்து பாலங் கட்டாதிருக்க வாயில் எத்துணை அகலம் வேண்டுமென்பது கணிக்கப்படும்.

கீழ்வளையத்துக்குப் பதிலாகச் சுவருக்குரிய உலோகத்தகட்டை வைத்துச் சுவருராய்வும் அளக்கப்படும். புனலின் சரிவு அதனாலேயே தீர்மானமாகின்றது. மெருகிட்ட உருக்குக்குப் போதுமான சரிவு துருவேறிய தகட்டுக்குப் போதாது. அன்றியும், வெள்ளி மாலையில் ஓடிய தூள் இருநாட் கிடந்து திங்கட் காலையில் ஓடாது நிற்றல் கூடும். ஆகவே பாரத்தின்கீழ் அவ்வளவு நேரம் வைத்திருந்தும் சோதித்தல் வேண்டும். ஆய்வுகூடத்துப் போத்தலில் உலர்ந்திருந்த மாதிரியை அளந்துவிட்டு, மாரிகாலத்து ஈரக்காற்றிற் கிடக்கும் தூளுக்கு அவ்விடையைப் பொருத்துதல் கூடாது.