குழந்தைகளின் இரத்தப் புற்றுநோயும் இரத்தத்திலுள்ள நொதிகளும்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரங்களில் இரத்தப் பரிசோதனை நிலையங்கள் பெருகிவிட்ட இந்நாளில், மருத்துவரைக் காணுமுன்னரே பரிசோதனைச் சீட்டு பெற்றோர் கைக்கு வந்துவிடுகிறது. அதில் ‘எல்.டி.எச்.’ என்ற வரிக்கெதிரே எண் மிகுந்திருந்தால், குழந்தைக்கு இரத்தப் புற்றுநோயோ என்று கலங்குவோர் உளர். எண் சரியாயிருக்கிறது என்று கவலையற்று இருந்துவிடுவோரும் உளர். இரண்டும் தவறு என்பதை நம் அங்கத்தினர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறோம்.

நொதி என்பது நமக்குப் புதிதன்று. வாழைக்காய் பழுக்கையில் அதன் மாவுச்சத்து இனிப்பாக மாறுவது நொதிகளின் வேலையே. நூலுக்கு இட்ட கஞ்சியை நீக்க ஆலைகளில் பயன்படும் அமிலேசும் ஒரு நொதிதான். நம் உடலின் உயிரணுக்களிலும் நொதிகள் பல உள்ளன. அவற்றுள் ஒன்றான லாக்டேட் டீஹைட்ரஜனேஸையே எல்.டி.எச். என்று சுருக்கி எழுதுகின்றனர். சர்க்கரையிலிருந்து உயிரணு சக்தி பெறுவதில் இதற்குப் பங்குண்டு.

இது அணுவுக்குள் இருக்கவேண்டிய பொருள். அணு சிதைந்தால் இரத்தத்தில் கலக்கிறது. இரத்தப் புற்றுநோயில், எலும்பு மஜ்ஜையிலே முதிராத வெள்ளணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகுகின்றன. பெருகும்போதே பல அழிந்தும் போகின்றன. எனவே எல்.டி.எச். உயர்கிறது. புற்றுநோயாளரிடம் இவ்வுயர்வை 1950-களிலேயே ஆராய்ச்சியாளர் கண்டனர்.

ஆயினும், கிடங்கு வாசலில் நெல் சிந்திக் கிடந்தால் ஏதோ மூட்டை கிழிந்தது என்று அறியலாமே யன்றி, எந்த மூட்டை என்று அறிய இயலாது. மலேரியா, கல்லீரல் அழற்சி, பி-12 வைட்டமின் குறைவால் வரும் சோகை, தசைக் காயம் ஆகியவற்றிலும் இந்த எண் ஏறும். சிவப்பணுக்களில் இந்நொதி மிகுதி. ஆதலால் இரத்தம் எடுக்கையில் அவ்வணுக்கள் உடைந்தாலே எண் பொய்யாக உயர்ந்துவிடும். வளரும் குழந்தைக்கோ இது பெரியோரைவிட இயல்பாகவே கூடுதல். சீட்டில் அச்சிட்ட அளவு பெரியோருக்குரியதா என்று மருத்துவரைக் கேட்டறிவது நலம். இனி, நோயுள்ள குழந்தைகளுள் சிலருக்கு எண் இயல்பாகவே இருப்பதும் உண்டு!

நோயை நிச்சயிப்பது இரத்த அணுக்களின் எண்ணிக்கையும், உருப்பெருக்கியின்கீழ் அவற்றின் தோற்றமும், இடுப்பெலும்பிலிருந்து எடுக்கும் மஜ்ஜைப் பரிசோதனையுமே. இங்கும் நொதிகள் துணைபுரிகின்றன. ஆனால் இவை அணுவுக்கு உள்ளேயே தேடப்படுபவை. டெர்மினல் டிரான்ஸ்பரேஸ் என்னும் நொதி காணப்பட்டால், அவ்வணுக்கள் பெரும்பாலும் நிணநீர் வகையைச் சேர்ந்தவை. குழந்தைகளிடம் அதிகம் காணப்படுவது இவ்வகையே. மையலோபெராக்சிடேஸ் இருந்தாலோ அது மற்றொரு வகை. வகைக்கேற்பச் சிகிச்சை மாறுவதால் இப்பாகுபாடு இன்றியமையாதது. நிணநீர் வகைக்குத் தரும் மருந்துகளுள் அஸ்பராஜினேஸ் என்பதும் ஒரு நொதியே என்பது வியப்புக்குரியது. நோயணுக்களுக்கு வேண்டிய உணவுப் பொருளொன்றை அது இரத்தத்திலேயே சிதைத்துவிடுகிறது.

எல்.டி.எச்.சுக்கும் பயன் உண்டு. நோய் உறுதியானபின் உடலில் அதன் சுமை எவ்வளவு, சிகிச்சையால் அது குறைகிறதா என்பதை மதிப்பிட மருத்துவர் இதனையும் பார்க்கின்றனர்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் முயற்சியால் 1954-இல் தொடங்கப்பெற்ற அடையாறு புற்றுநோய் நிலையம், மும்பை, டில்லி நகரங்களின் பெரிய மருத்துவ நிலையங்களோடு சேர்ந்து, 1984-இல் வகுக்கப்பட்ட பொதுச் சிகிச்சை முறையைக் கைக்கொண்டது. அதன்பின் நம் நாட்டில் பிழைக்கும் குழந்தைகளின் தொகை உயர்ந்தது. காலத்தே வந்தால் குணமாகும் வாய்ப்பு மிகுந்த நோய் இது.

ஆகவே எண்ணைவிடக் குறிகளையே முதலில் நோக்குக. வாரக்கணக்கில் நீங்காத காய்ச்சல், வெளிறிய முகம், தோலில் செந்நிறப் புள்ளிகள், ஈறில் இரத்தக் கசிவு, கழுத்தில் கட்டிகள், இரவில் குழந்தையை எழுப்பிவிடும் எலும்பு வலி ஆகியவை காணின், சீட்டில் எந்த எண் இருப்பினும் தாமதிக்கலாகாது. மற்றோர் எச்சரிக்கை: காரணம் அறியாத மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் ஸ்டீராய்டு மாத்திரை வாங்கித் தருதல் கூடாது. அது நோயணுக்களைத் தற்காலிகமாக ஒடுக்கி, மஜ்ஜைப் பரிசோதனையிலும் நோய் புலப்படாமல் செய்துவிடக்கூடும். எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனைக்கோ அடையாற்றுக்கோ செல்லும்போது, பழைய சீட்டுகள் அனைத்தையும், அதுவரை கொடுத்த மருந்துகளின் பெயர்களையும் தவறாது எடுத்துச் செல்க.