படலை மணி: காவல் நாயைப் பழக்கும் முறை

மரக்கறித் தோட்டத்துக்கு ஆட்டினால் வரும் அழிவை நீங்கள் அறிவீர்கள். அந்த ஆடு நுழையும் துவாரத்தைப் பல வேளைகளில் ஆக்குவது நமது காவல் நாயே என்பதைச் சிலரே கவனித்துள்ளனர். இரவெல்லாம் வெளியே திரிந்த நாய் விடியலிற் படலைக்கு வருகின்றது. படலை மூடியிருப்பின் குரைக்கின்றது, பின் சுரண்டுகின்றது, ஈற்றில் வேலியின் அடியைக் கிண்டி உள்ளே வருகின்றது. எனது வளவில் இவ்வாறு ஒரே காலையில் 2 பாத்தி மிளகாய் நாற்று ஆட்டின் வாய்க்குப் போயிற்று. அடிப்பதற்குத் தடியெடுத்த பின்னரே, படலையைத் திறக்கும்படி கேட்பதற்கு அந்நாய்க்கு நான் ஒரு வழியுங் கற்பிக்கவில்லை என்பது புத்திக்கு எட்டிற்று.

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர்ப் பகுதி முஸ்லிம் இல்லங்களில் நாயை வீட்டினுள் விடும் வழக்கமில்லை. எனினும் பயிர்க் காவலுக்கும் மந்தைக் காவலுக்கும் நாய் வைத்திருத்தலை ஹதீஸ்கள் அனுமதித்துள்ளன. ஆகையால் இங்கு உள்ளே என்பது வீட்டறை அன்று. வளவுப் படலையின் உட்புறம், அல்லது வயல் வாடியைச் சுற்றிய அடைப்பு. நாய்க்கெனத் தனிச் சட்டியும், படலையருகே ஒரு சிறு பத்தியும் போதும்.

பழைய மாட்டு மணி ஒன்றைப் படலையின் வெளிப்புறத்தில் நாயின் மூக்கு மட்டத்திற் கட்டுக. உப்பைக் கழுவிய கருவாட்டுத் துண்டை மணியில் தேய்த்துவிடுக. நாய் முகர, மணி அசையும். அசைந்த அக்கணமே படலையைத் திறந்து, உள்ளே அதன் சட்டியில் ஒரு சிறு துண்டு இடுக. நாளுக்கு 10 தடவை போதும். சில நாய் ஒரு கிழமையிற் பிடித்துக்கொள்ளும்; சிலவற்றுக்குக் கூடுதலான நாட்கள் செல்லும். சுரண்டலுக்கோ குரைத்தலுக்கோ படலையைத் திறத்தலாகாது. இதில் வீட்டார் யாவரும் ஒருமனப்படுதல் வேண்டும். சிறுவர் இரக்கப்பட்டு ஒருநாள் திறந்துவிட்டால், மறுநாளும் சுரண்டலே தொடரும்.

1898 இல் எட்வேட் தோண்டைக் என்னும் அமெரிக்க அறிஞர் பூனைகளையும் நாய்களையும் கூட்டில் அடைத்து, கயிற்று வளையத்தை இழுத்தாற் கதவு திறக்குமாறு அமைத்துச் சோதித்தார. முதலில் அவை தற்செயலாகவே இழுத்தன. திரும்பத் திரும்ப அடைத்தபோது வெளியேற எடுத்த நேரம் குறைந்தது. நம் படலையில் நிகழ்வதும் அதுவே.

இம்முறையை வயல் வாடியிற் கைக்கொள்வோர் ஒன்றை முக்கியமாகக் கவனித்தல் வேண்டும். வேளாண்மை முற்றுங் காலத்தில் யானை வட்டைக்குள் வருதல் அம்பாறை மாவட்டத்திற் புதிதன்று. யானையைக் கண்டு குரைத்த நாய் வெருண்டு வாடிக்கே ஓடிவரும். துரத்திய யானையும் பின்னே வரலாம். ஆகவே இரவில் மணி கேட்டவுடன் படலைக்கு ஓடாதீர்கள். வாடியில் நின்றபடியே டோர்ச் வெளிச்சத்தைச் செலுத்தி, நாயின் பின்னால் யாதும் உண்டோவெனப் பார்த்துக்கொள்ளுங்கள். இரவு தங்குபவர் முல்லைக்காரராயின் அவருக்கும் இதனை முன்னரே சொல்லிவைத்தல் வேண்டும்.

நாய்க்கு ஆண்டுதோறும் விசர்நோய்த் தடுப்பூசி ஏற்றுவித்தல் அவசியம். பழகிய நாய் கடித்தாலும், காயத்தை ஓடும் நீரிற் சவர்க்காரமிட்டு 15 நிமிடம் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள்.

நன்கு பழகிய பின் கருவாட்டைச் சிறிது சிறிதாகக் குறைத்து நிறுத்தலாம். படலை திறத்தலே போதிய கூலியாகும். எனது நாய் 2 நாள் வெறுஞ் சட்டியை முகர்ந்து பார்த்தது. மூன்றாம் நாள் மணியை அடித்து உள்ளே வந்து, சட்டியைத் திரும்பியும் பாராமற் பத்தியிற் படுத்துக்கொண்டது.