பிப்பெட் யார் கையில்? அரசுப் பெண்கள் பள்ளிகளில் அறிவியல் பாடம்

பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் செய்முறையில் தரம்பார்த்தல் என்று ஒரு சோதனை உண்டு. ப்யூரெட்டில் பொட்டாசியம் பெர்மாங்கனேட் இருக்கும். கூம்புக் குடுவையில் பிப்பெட்டால் அளந்து விட்ட 20 மில்லி பெர்ரஸ் உப்புக் கரைசலும், அதே அளவு நீர்த்த கந்தக அமிலமும் இருக்கும். ஒரு கை ப்யூரெட்டின் திருகை மெல்லத் திறக்க, மறு கை குடுவையைச் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும். விழுகிற ஊதாத் துளி ஒவ்வொன்றும் நிறம் இழந்து மறையும். ஒரு கட்டத்தில் ஒரு துளி மறையாமல் வெளிர் இளஞ்சிவப்பாக நின்றுவிடும். அங்கே நிறுத்தி அளவைக் குறிக்க வேண்டும். தாண்டிவிட்டால் மறுபடி முதலிலிருந்து. நிறமற்ற கரைசல் என்றால் வளைந்த மட்டத்தின் அடிப்பகுதியைப் பார்க்கலாம். பெர்மாங்கனேட்டின் அடர்நிறத்தில் அது தெரியாது, மேல் விளிம்பைத்தான் பார்க்க வேண்டும். இதைப் புத்தகத்தில் எத்தனை தடவை படித்தாலும் கைக்கு வராது.

இருபாலர் பள்ளி லேபில் நாலைந்து பேருக்கு ஒரு ஸ்டாண்டு. யாராவது ஒரு பையன் ப்யூரெட்டைப் பிடித்துக்கொள்வான். கையெழுத்து அழகாக இருக்கிறது என்று அளவுகளை எழுதும் வேலை பெண் பிள்ளைக்குப் போகும். லேபில் நின்ற எந்த ஆசிரியரும் இதைப் பார்த்திருப்பார். பெண்கள் பள்ளியில் இதற்கு வழியே இல்லை. அமிலத்தை ஊற்றுவது, பர்னரைப் பற்றவைப்பது, மின்சுற்றை இணைப்பது, ஊசி நகரவில்லை என்றால் எங்கே ஒயர் விட்டுப்போயிற்று என்று தேடுவது எல்லாமே அவர்கள்தான். அறிவியல் படிப்புக்குப் பெண்கள் பள்ளி தருகிற பெரிய நன்மை இதுவே என்று நான் நம்புகிறேன். லேப் பீரியடே நடக்காத பள்ளியில் அந்த நன்மை அப்படியே கைநழுவிப் போகிறது.

பாடத்திட்டத்தின் மேல் குறை சொல்ல அதிகமில்லை. அண்ணா பல்கலைக்கழகத்தின் முன்னாள் துணைவேந்தர் மு. அனந்தகிருஷ்ணன் தலைமையிலான குழு வகுத்த தமிழ்நாட்டின் புதிய பாடத்திட்டம், 2018-19இல் 1, 6, 9, 11 வகுப்புகளுக்கும், அடுத்த ஆண்டு 10, 12 உள்ளிட்ட மற்ற வகுப்புகளுக்கும் வந்தது. பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் 23 அலகுகள். இயக்க விதிகளில் தொடங்கி ஒளியியல், மின்னோட்டவியல், அணுக்கரு இயற்பியல், தனிமங்களின் ஆவர்த்தன வகைப்பாடு, கரைசல்கள், நரம்பு மண்டலம், மரபியல், உயிரின் தோற்றமும் பரிணாமமும் என்று போய், ஸ்க்ராட்ச் மென்பொருளைத் தொட்டு முடிகிறது. மத்திய அரசின் என்சிஇஆர்டி தன் பத்தாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து பரிணாமத்தையும் ஆவர்த்தன அட்டவணையையும் எடுத்துவிட்டபோது 2023இல் நாடு முழுக்க அறிவியலாளர்கள் கவலை தெரிவித்தார்கள். நம் பிள்ளைகளின் புத்தகத்தில் அவை இரண்டும் இருக்கின்றன. இதைப் பெருமையாகவே சொல்லலாம்.

சிக்கல், இந்த 23 அலகும் ஓர் ஆண்டின் கால அட்டவணைக்குள் நுழையும்போது தொடங்குகிறது. பத்தாம் வகுப்பு அறிவியலுக்கு எழுத்துத் தேர்வு 75, செய்முறை 25. தேர்ச்சி பெற எழுத்தில் 20, செய்முறையில் 15 வேண்டும். செய்முறை மதிப்பெண் அந்தந்தப் பள்ளியிலேயே போடப்படுவதால் தாராளமாகவே கிடைத்துவிடும் என்பது ஊரறிந்த விஷயம். எழுத்துத் தேர்வின் சதவீதம்தான் மாவட்டக் கூட்டத்தில் கேட்கப்படும். ஆகவே டிசம்பர் வந்துவிட்டால் லேப் பீரியடு ஸ்லிப் டெஸ்டுக்குப் போய்விடுகிறது. புக் பேக் ஒரு மதிப்பெண் வினாக்கள், சுமாராகப் படிப்பவர்களுக்கு மினிமம் மெட்டீரியல், மாலையில் ஸ்பெஷல் கிளாஸ் என்று மீதி மாதங்கள் ஓடுகின்றன. ரெக்கார்டு நோட்டு மட்டும் தவறாமல் நிரம்பும். செய்யாத சோதனைக்கு எடுக்காத அளவுகள், போன வருட அக்காவின் நோட்டிலிருந்து அழகாகப் படியெடுக்கப்பட்டு, கையொப்பமும் ஆகிவிடும். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு நாம் அறிவியலின் பெயரால் கற்றுத் தருகிற முதல் பாடம் அளவை இட்டுக்கட்டுவது என்றால், அதைவிடக் கெடுதல் வேறில்லை.

இத்தனைக்கும் பத்தாம் வகுப்புச் சோதனைகள் பெரிய செலவு வைப்பவை அல்ல. குவிலென்ஸின் குவியத் தூரம் காண ஒரு லென்ஸ், ஒரு வெள்ளைத் திரை, ஒரு அளவுகோல் போதும். லென்ஸை ஜன்னல் பக்கம் காட்டித் திரையை முன்னும் பின்னும் நகர்த்தினால், மைதானத்துக்கு அப்பால் நிற்கிற வேப்பமரம் ஒரு நிலையில் தலைகீழாக, இலை அசைவதுகூடத் தெரியும்படி, கையகலத்தில் வந்து விழும். லென்ஸுக்கும் திரைக்கும் இடையிலான தூரம்தான் குவியத் தூரம். பத்து நிமிட வேலை. அதற்குப் பிறகு ‘மெய்பிம்பம் தலைகீழானது’ என்ற வரியை யாரும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஓர் உப்பு நீரில் கரையும்போது வெப்பத்தை விடுகிறதா, வாங்குகிறதா என்று பார்க்கிற சோதனைக்கு ஒரு தெர்மாமீட்டரும் பீக்கரும் இருந்தால் ஆயிற்று. மின்தடை எண் கண்டுபிடிப்பதற்குத்தான் அம்மீட்டர், வோல்ட்மீட்டர், கம்பியின் விட்டம் அளக்கத் திருகு அளவி என்று கொஞ்சம் சாமான் வேண்டும். அவையும் பல பள்ளிகளின் பீரோவில் இருக்கவே செய்கின்றன. பீரோவைத் திறக்க ஆள் வேண்டும், திறக்க ஒரு பீரியடும் வேண்டும். ஆய்வக உதவியாளர்களை எடுக்க 2015இல் மாநிலம் முழுக்கத் தேர்வு நடந்தது. அப்படி வந்தவர்களையும் அலுவலக வேலைக்கு இழுத்துக்கொள்ளும் பள்ளிகள் உண்டு.

6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு ஓர் ஏற்பாடு வந்திருக்கிறது. 2022 நவம்பரில் திருச்சியில் தொடங்கிய வானவில் மன்றத்தின் கருத்தாளர்கள் எளிய சாமான்களோடு பள்ளிக்கே வந்து சோதனை செய்து காட்டுகிறார்கள். அதில் கண் விரிந்த பிள்ளை ஒன்பதாம் வகுப்புக்கு வந்ததும் அந்த ஏற்பாடு நின்றுவிடுகிறது. மேல் வகுப்புகளுக்கும் அதை நீட்டித்தால், புதிதாக ஒரு திட்டம் போடுவதைவிடப் பலன் அதிகமாக இருக்கும்.

ஆசிரியர் விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். 9, 10 வகுப்புகளில் அறிவியல் ஒரே பாடம், நடத்துபவர் ஒரே பட்டதாரி ஆசிரியர். அவர் விலங்கியல் படித்தவராக இருப்பார், ஒளியியல் கணக்கையும் அவரே நடத்த வேண்டும். இயற்பியல் படித்தவருக்குப் பூவின் குறுக்குவெட்டு அந்நியம். இது ஆசிரியரின் குற்றமல்ல, பணியிட ஏற்பாட்டின் விளைவு. அறிவியலுக்கு இரண்டு மூன்று ஆசிரியர் உள்ள பள்ளிகளில் அலகுகளைத் தங்களுக்குள் மாற்றிக்கொண்டு நடத்துவது எளிதான வழி. சில தலைமையாசிரியர்கள் இதைச் சத்தமில்லாமல் செய்கிறார்கள். மேல்நிலைப் பிரிவில் முதுகலை ஆசிரியர் பாடத்துக்கு ஒருவர் என்பதால் இந்தத் தொல்லை இல்லை. அங்கே ஓர் இடம் காலியானால் அந்தப் பாடமே அந்தரத்தில் நிற்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

பெண்கள் பள்ளிக்கே உரிய இன்னொரு வாய்ப்பு பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தின் 17ஆம் அலகு. தாவரங்களிலும் விலங்குகளிலும் இனப்பெருக்கம். மாதவிடாய்ச் சுழற்சியின் கட்டங்கள், எந்த நாளில் எந்த ஹார்மோன் ஏறுகிறது, கருமுட்டை எப்போது வெளிப்படுகிறது, தன்சுத்தம் எல்லாம் படத்தோடு இருக்கின்றன. பையன்கள் இல்லாத வகுப்பில், பெரும்பாலும் பெண் ஆசிரியர் நடத்துகிற வகுப்பில், இதை வாய்விட்டுப் பேசவும் கேள்வி கேட்கவும் தடையே இருக்கக்கூடாது. ஆனாலும் வீட்டில் படித்துக்கொள்ளச் சொல்லி இந்த அலகைத் தாண்டிப்போகும் வகுப்புகள் இன்னும் இருக்கின்றன. அதே வளாகத்தில் புதுயுகம் திட்டத்தின் நாப்கின் 2011 முதல் இலவசமாகக் கொடுக்கப்படுகிறது. பொருளைக் கொடுத்துவிட்டு அறிவைக் கொடுக்கத் தயங்குவது எந்த வகையில் நியாயம்? வயிற்றுவலி எதனால் வருகிறது, சுழற்சி 28 நாளுக்கு முன்பின் ஆனால் பயப்பட வேண்டுமா, ரத்தசோகைக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்க அந்தப் பிள்ளைக்குப் பள்ளியை விட்டால் இடமில்லை.

பாடத்தில் ஆண் பெண் என்ற பிரிவினை ஒரு காலத்தில் வெளிப்படையாகவே இருந்தது. புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி, பெண்ணுக்கு உயர்நிலைப் படிப்பே அரிதாக இருந்த காலத்தில் ஆண்கள் படிக்கும் மகாராஜா கல்லூரியில் இடம் வாங்கி, 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். சுதந்திரத்துக்குப் பிறகும் பெண்களுக்கு மனையியல் போதும் என்ற எண்ணம் போகவில்லை. ஆண் பெண் பாடத்தில் வேறுபாடு கூடாது என்று ஹன்சா மேத்தா குழு சொன்னது. 1964-66இல் கோத்தாரி குழு அதை ஏற்று, முதல் பத்து ஆண்டுப் படிப்பில் கணிதமும் அறிவியலும் எல்லோருக்கும் கட்டாயம் என்று பரிந்துரைத்தது. அதன்பின் பிரிவினை பாடப்புத்தகத்தை விட்டு வெளியேறி, பத்தாம் வகுப்பு முடிவில் காத்திருக்கும் குரூப்பில் போய் உட்கார்ந்துகொண்டது.

பிளஸ் 1 சேர்க்கையில் கேட்கப்படும் முதல் கேள்வி ‘எந்த குரூப்?’ என்பதுதான். கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல் சேர்ந்தது முதல் குரூப். உயிரியலுக்குப் பதில் கணினி அறிவியல் வந்தால் அது கம்ப்யூட்டர் குரூப். இயற்பியல், வேதியியலோடு தாவரவியலும் விலங்கியலும் எடுத்தால் பியூர் சயின்ஸ். அப்புறம் வணிகவியல், கலை, நர்சிங் உள்ளிட்ட தொழிற்பிரிவுகள். பியூர் சயின்ஸில் கணிதம் இல்லாததால் பிஇ கலந்தாய்வின் பொதுப் பாடப்பிரிவு வழி மூடிவிடுகிறது. அதற்குக் கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றும் வேண்டும். கம்ப்யூட்டர் குரூப் எடுத்த பிள்ளைக்கு மருத்துவம் கிட்டத்தட்ட எட்டாத தூரம். பதினைந்து வயதில், ரிசல்ட் வந்த ஒரு வாரத்துக்குள், பெரும்பாலும் அப்பாவோ மாமாவோ எடுக்கிற முடிவு இது. பையன் என்றால் பக்கத்து ஊர்ப் பள்ளிக்குப் பஸ்ஸில் அனுப்புவார்கள். பெண் பிள்ளையை, இங்கே இருக்கிற குரூப்பில் சேர் என்பார்கள். அதனால் ஓர் ஊரின் பெண்கள் பள்ளியில் முதல் குரூப் இல்லையென்றால் அந்த ஊர்ப் பெண்களில் பெரும்பாலோருக்கு அது இல்லை என்றே ஆகிவிடுகிறது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவத்தில் 2020 முதலும், பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளில் 2021 முதலும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. கல்லூரி போகிற அரசுப் பள்ளிப் பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். இவ்வளவும் இருந்து, பள்ளியில் குரூப் இல்லையென்றால் ஒதுக்கீடு யாருக்கு?

மற்ற நாடுகளில் பிரச்சினையின் முகம் வேறு. இங்கிலாந்தில் அரசு இருபாலர் பள்ளிகளில் 49 சதவீதம், 2011இல் ஏ-லெவல் இயற்பியலுக்கு ஒரு பெண்ணைக்கூட அனுப்பவில்லை என்று அந்த நாட்டின் இயற்பியல் கழகம் 2012இல் அறிக்கை வெளியிட்டது. பெண்கள் பள்ளியில் படித்தவர்கள் இயற்பியலைத் தொடரும் வாய்ப்பு, இருபாலர் பள்ளியில் படித்த பெண்களோடு ஒப்பிட்டால், கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு. அங்கே பெண்கள் பள்ளிகளில் சேர்க்கை முறையும் குடும்ப வசதியும் மாறுபடும் என்பதால் எல்லாப் புகழையும் பள்ளிக்கே கொடுத்துவிட முடியாது. ஆனால் இயற்பியல் ஆண்களின் பாடம் என்ற எண்ணம் அந்தச் சுவர்களுக்குள் வளரவில்லை என்பது தெரிகிறது. நம் நாட்டில் பெண்கள் அறிவியலை ஒதுக்குவதில்லை. 2021-22 உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி அறிவியல் பிரிவில் படித்த 57.2 லட்சம் பேரில் 29.8 லட்சம் பேர் பெண்கள், பாதிக்கும் மேல். ஆராய்ச்சிப் பணிக்குப் போனால் ஐந்தில் ஒருவர்கூடப் பெண் இல்லை. படிக்க வருகிறவர்களுக்குக் கருவியைக் கையாண்ட பழக்கமும் அதில் வருகிற தன்னம்பிக்கையும் பள்ளியிலேயே கிடைத்திருந்தால், இந்த இறக்கத்தில் ஒரு பகுதியையாவது தடுக்கலாம்.

பிள்ளைகளால் முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். மதுரை மாவட்டம் திருமங்கலம் அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளி மாணவிகள், நாடு முழுக்க 75 பள்ளிகளைச் சேர்ந்த 750 மாணவிகளோடு சேர்ந்து ஆசாதிசாட் என்ற செயற்கைக்கோளுக்குச் சிறு கருவி செய்தார்கள். எட்டுக் கிலோ எடையுள்ள அந்தச் செயற்கைக்கோள் 2022 ஆகஸ்ட் 7 அன்று இஸ்ரோவின் எஸ்எஸ்எல்வி ராக்கெட்டின் முதல் பயணத்தில் போனது. ராக்கெட் அதை வட்டப் பாதைக்குப் பதில் நீள்வட்டப் பாதையில் விட்டுவிட, செயற்கைக்கோள் வீணாயிற்று. ஆறு மாதத்தில், 2023 பிப்ரவரி 10 அன்று, ஆசாதிசாட்-2 சரியான பாதைக்குப் போய்ச் சேர்ந்தது. எங்கே தவறியது என்று தேடித் திருத்தி மறுபடி ஏவுவது என்ன என்பதை அந்த மாணவிகள் கண்முன்னே பார்த்தார்கள். ரெக்கார்டு நோட்டில் எழுத இதைவிட நல்ல சோதனை இல்லை. எல்லாப் பள்ளிக்கும் செயற்கைக்கோள் வாய்க்காது, லென்ஸும் வேப்பமரமும் வாய்க்கும்.

2025இல் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையை ஒட்டி பிளஸ் 1 பொதுத்தேர்வு கைவிடப்பட்டிருக்கிறது. பிள்ளைகளின் சுமை குறைவது நல்லது. ஆனால் 2017-18இல் அந்தத் தேர்வு வந்ததே, பல பள்ளிகள் பிளஸ் 1 பாடத்தை ஒதுக்கிவிட்டு இரண்டு வருடமும் பிளஸ் 2 நடத்தியதால்தான். தேர்வு போன இடத்தில் லேப் வந்தால் லாபம். பிளஸ் 2 பாடம் முன்கூட்டியே வந்து உட்கார்ந்தால் பழைய கதைதான்.

பெற்றோர் செய்ய முடிந்தது ஒன்று உண்டு. பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோரே பெரும்பான்மை. கழிப்பறைக்கும் சுற்றுச்சுவருக்கும் தீர்மானம் போடுவதைப் போல லேபுக்கும் போடலாம். கேட்க வேண்டியவை: வாரத்தில் எந்தக் கிழமை, எந்தப் பீரியடு லேப்? போன மாதம் எந்தச் சோதனை நடந்தது? எத்தனை பிள்ளைக்கு ஒரு ஸ்டாண்டு? எந்தப் பாடத்துக்கு முதுகலை ஆசிரியர் இல்லை, எப்போதிலிருந்து? முதல் குரூப் இல்லையென்றால் அதைக் கேட்டுக் கடிதம் போயிருக்கிறதா? ஜூன் மாதச் சேர்க்கையின்போது கேட்டால் பதில் அந்த வருடத்துக்கே பயன்படும், பிப்ரவரியில் செய்முறைத் தேர்வு வந்த பிறகு கேட்டால் அடுத்த வருடப் பிள்ளைகளுக்குத்தான்.